தேர்தல் பத்திரம் அல்ல, கட்சி நன்கொடைச் சீட்டு

‘தேர்தல் பத்திரங்களில் முதலீடு செய்த நிறுவனங்கள்’ என்று எழுதுவோர் இன்னும் குறையவில்லை. முதலீடு என்றால் போட்ட பணம் வட்டியோடோ இலாபத்தோடோ திரும்பி வர வேண்டும். கட்சிக்கு நன்கொடையாகக் கொடுப்பதற்கென்று 2018 முதல் 2024 வரை வங்கி விற்ற இந்தத் தாளில், வாங்கியவருக்கு வட்டியோ இலாபமோ இருக்கவில்லை. பிழையின் வேர் ‘எலக்டோரல் பாண்டு’ என்பதைப் ‘பத்திரம்’ என்ற மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

‘பாண்டு’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் கட்டு, பிணைப்பு. ‘பத்திரம்’ இலையைக் குறித்து, பின் ஆவணத்துக்கு ஆகிவந்த வடசொல்.

நிதிச் சந்தையில் பாண்டு என்பது கடன்பத்திரம். அதை வெளியிடுபவர் கடனாளி, வாங்குபவர் கடன் கொடுத்தவர். 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தேர்தல் பத்திரத் திட்டமோ, தன் வரையறையிலேயே இதை உறுதிமொழிச் சீட்டின் (பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டின்) தன்மையது என்றது. 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் பாரத ஸ்டேட் வங்கி விற்ற அந்தத் தாளில் வாங்கியவர் பெயரும் இருக்கவில்லை, பெறும் கட்சியின் பெயரும் இருக்கவில்லை, கட்சி 15 நாளுக்குள் அதைத் தன் கணக்கில் செலுத்திவிட வேண்டியிருந்தது, வட்டி இருக்கவில்லை.

சிலர் ‘தேர்தல் நிதிப் பத்திரம்’ என்கிறார்கள். இது இன்னும் மோசம். தேர்தல் நடத்த அரசு ஒதுக்கிய நிதி என்றே படிப்பவருக்குப் படும். கொடுத்தவர் ஒருவர் உண்டு என்பதே மறைந்துபோகும். இந்தத் திட்டத்தை எதிர்த்த வழக்கே கொடுத்தவர் யார் என்பது பற்றியதுதானே? மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காடுவரைதான் ஒரு நிறுவனம் கட்சிகளுக்குத் தரலாம் என்றிருந்த உச்சவரம்பு 2017இல் நீக்கப்பட்டதால், நட்டத்தில் ஓடும் நிறுவனமும் வரம்பின்றிக் கொடுக்க முடிந்தது. கொடுத்தவர் பெயரை மறைப்பது வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு முரண் என்றும், வரம்பை நீக்கியது சமத்துவ உரிமைக்கு முரண் என்றும் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையே செல்லாததாக்கியது. மேலும், வந்த பணத்தைத் தேர்தலுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கவில்லை. ஆகவே ‘கட்சி நன்கொடைச் சீட்டு’ என்பதே பொருத்தம். ‘சீட்டு’ மதிப்புக் குறைவு என்பவர்கள் பற்றுச்சீட்டையும் உறுதிமொழிச் சீட்டையும் ஏற்கத்தான் செய்கிறார்கள்.

இதே கவனக்குறைவுதான் ‘எலக்டோரல் டிரஸ்ட்’டுக்கு வழங்கும் ‘தேர்தல் அறக்கட்டளை’ என்பதிலும் தெரிகிறது. 2013ஆம் ஆண்டுத் திட்டப்படி அது கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் ஒரு நிறுவனம். ஓராண்டில் திரட்டியதில் 95 விழுக்காட்டைக் கட்சிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. அதில் அறமும் இல்லை, கட்டளையும் இல்லை. சீட்டு போன பிறகு பெருநிறுவனங்களின் பணம் இந்த வழியில் செல்கையில், பசித்தவருக்குச் சோறிடும் அமைப்புக்கு வைத்த பெயரை மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குச் சூட்டக் கூடாது.