ஊறுபடுநிலை: 'வல்னரபிலிட்டி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

காலநிலை மாற்றம் பற்றி அரசு வெளியிடுகிற எந்த அறிக்கையை எடுத்தாலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: வல்னரபிலிட்டி, அதாவது ஓர் அடி விழுந்தால் எளிதில் காயப்படக்கூடிய நிலை. வரப்போகிற வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் வெப்பத்துக்கும் ஒரு மாநிலமோ மாவட்டமோ தயாராக வேண்டுமென்றால், திட்டம் போடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இதை மதிப்பிடுவதுதான். அந்த வேலையின் பெயரைத் தமிழில் 'பாதிப்பு மதிப்பீடு' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. வரப்போவதைப் பற்றிய ஒரு கணக்கை, நடந்து முடிந்ததைப் பற்றிய கணக்காக இந்தப் பெயர் மாற்றிவிடுகிறது.

பாதிப்பு என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? புயல் அடித்து ஓய்ந்தபின் கிராம நிர்வாக அலுவலர் வந்து, எத்தனை வீடு, எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்று எழுதிக்கொண்டு போவாரே, அதுதான். டெல்டாப் பக்கம் ஒரு கூட்டத்தில் இந்தத் தலைப்போடு ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். அதை வாங்கிப் படித்த பெரியவர் ஒருவர் கேட்டார், "இது எந்தப் புயலுக்கு எடுத்த கணக்கு தம்பி? நிவாரணம் எப்போ வரும்?" அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்தச் சொல் அவரிடம் சொன்னது அதைத்தான்.

சரி, மூலச்சொல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இலத்தீனில் 'வுல்னுஸ்' என்றால் காயம், புண். 'வுல்னெராரே' என்றால் காயப்படுத்துவது. அதிலிருந்துதான் காயப்படக்கூடியது என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'வல்னரபிள்' வந்தது. இதில் கவனிக்கவேண்டியது அந்த 'படக்கூடிய' என்ற பகுதி. காயம் இன்னும் ஆகவில்லை, ஆனால் ஓர் அடி விழுந்தால் ஆகும். கவசம் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் ஒரே வாள்தான் எதிரே நிற்கிறது, வேறுபாடு வாளில் இல்லை, உடம்பில் இருக்கிறது. கணினிக்காரர்கள் மென்பொருளில் உள்ள ஓட்டையைச் சொல்ல இதே சொல்லைப் பயன்படுத்துவதும் இந்தப் பொருளில்தான்: இன்னும் யாரும் உள்ளே நுழையவில்லை, நுழைய வழி இருக்கிறது.

இப்போது தமிழில் புழங்குகிற சொற்களை எடுத்துக்கொள்வோம். 'பாதிக்கப்படக்கூடிய தன்மை' என்பது பொருளில் சரிதான், ஆனால் அதைப் பெயராக வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும். அட்டவணைத் தலைப்பில் இடமில்லாமல் யாராவது அதைச் சுருக்குவார்கள், சுருக்கியதும் மறுபடி 'பாதிப்பு' ஆகிவிடும். 'பலவீனம்' என்பதை நான் ஏற்கவே மாட்டேன், அது மக்களைக் குறை சொல்கிற சொல். 'நலிவு' நல்ல சொல், இலங்கைத் தமிழர் எழுத்தில் 'நலிவுறுநிலை' என்று பார்த்திருக்கிறேன், அழகாகவும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 'நலிந்த பிரிவினர்' என்று சொல்லிச் சொல்லி, நலிவு என்றாலே ஏழ்மை என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஏழ்மையும் இதில் உண்டு, ஏழ்மை மட்டும் இதுவாகாது.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது, பல்லாயிரம் பேரை முகாம்களுக்கு அழைத்துப்போனார்கள். ஆளை அழைத்துப் போகலாம், தென்னையை அழைத்துப் போக முடியுமா? பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களை நவம்பர் 15 அன்று யாரும் 'நலிந்தவர்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல வருமானம், பிள்ளைகள் கல்லூரியில். ஆனால் வருமானம் முழுக்க ஒரே மரத்தில் இருந்தது, அந்த மரம் விழுந்தால் புதிதாக நட்டுக் காய்ப்புக்கு வர வருஷக்கணக்காகும். அவர்கள் நிலை நலிவு இல்லை, ஆனால் அடி விழுந்தால் ஆழமாகப் புண்படுகிற நிலை. அதற்குத்தான் சொல் வேண்டும்.

என் தேர்வு 'ஊறு'. உறு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு பெயரானது இது, படு பாடு ஆவது போல, கெடு கேடு ஆவது போல. உறுதல் என்றால் நேர்தல், வந்து தொடுதல். அதனால் ஊறுக்குப் பழைய பொருள் தொடு உணர்வு, "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று குறள் ஐம்புலன்களை அடுக்கும்போது வருவது அந்த ஊறு. தொடுவது நோகும்படி தொட்டால் அதுவும் ஊறு: காயம், தீங்கு, தடை. இலத்தீனின் வுல்னுஸுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிற வேறு தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. (ஊறுகாயில் வருகிற ஊறு வேறு, அது நீரில் ஊறுவது.)

'அது பழைய சொல், யாருக்குப் புரியும்' என்று கேட்பார்கள். இடையூறு புரிகிறது இல்லையா? ஊறு விளைவித்தல் என்று செய்தித்தாளில் படிக்கிறோம் இல்லையா? சொல் சாகவில்லை, தனியாக நடமாடுவதை நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். அதோடு வினைத்திட்பம் அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு: "ஊறொரால் உற்றபின் ஒல்காமை இவ்விரண்டின் ஆறென்பர் ஆய்ந்தவர் கோள்." ஊறு வராமல் விலக்குவது, வந்துவிட்டால் தளராமல் இருப்பது, இந்த இரண்டும்தான் வழி என்கிறது. அங்கே பேச்சு செயல் செய்கிறவனின் மனவுறுதி பற்றியது, காலநிலை பற்றியது இல்லை, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரு மாவட்டம் என்ன செய்யவேண்டும் என்று கேட்டால் நான் இந்த இரண்டைத்தான் சொல்வேன்.

ஆக, ஊறுபடுநிலை. ஊறு படக்கூடிய நிலை, இன்னும் படவில்லை.

இதன் கலைச்சொற்பொருள் பாதியில் மாறியதையும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு, அதாவது ஐ.பி.சி.சி., 2001-லும் 2007-லும் வெளியிட்ட அறிக்கைகளில் வல்னரபிலிட்டி ஒரு பெரிய மூட்டை: புயலோ வெப்பமோ எவ்வளவு வந்து தாக்குகிறது, தாக்கினால் அந்த இடம் எவ்வளவு சட்டென்று கெடுகிறது, சமாளிக்க எவ்வளவு திறன் இருக்கிறது, மூன்றும் அதற்குள் அடக்கம். 2012-ல் தீவிர வானிலை நிகழ்வுகள் பற்றிய சிறப்பு அறிக்கையும், அப்புறம் 2014-ல் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையும் வந்தபோது மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். வருகிற புயல் தனி. அதன் பாதையில் யார், எது இருக்கிறது என்பது தனி. ஊறுபடுநிலை என்பது அந்த மக்களுக்கும் நிலத்துக்கும் உள்ளேயே இருக்கிற நிலை மட்டும், அதாவது எவ்வளவு சட்டென்று கெடும், எவ்வளவு தாங்கும். இந்த மூன்றும் சேர்கிற இடத்தில் பிறப்பதுதான் ரிஸ்க்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை இந்தியாவிலேயே பார்க்கலாம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைப்பின் துணையோடு, 2021 ஏப்ரலில் நாடு முழுமைக்குமான ஊறுபடுநிலை மதிப்பீட்டை வெளியிட்டது. கணக்கைப் போட்டவர்கள் மண்டி, குவாஹாட்டி ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும். ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் கணக்குப் போட்டால் ஒப்பிட முடியாது என்பதால் எல்லாருக்கும் ஒரே சட்டகம், ஒரே 14 அளவுகோல்கள். அவற்றில் புயலின் வேகம் இல்லை, மழையளவு இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே எத்தனை பேர், மானாவாரி நிலம் எவ்வளவு, சிறு குறு விவசாயிகளின் பங்கு எவ்வளவு, பயிர்க் காப்பீடு எத்தனை பரப்புக்கு இருக்கிறது, நூறு நாள் வேலை எவ்வளவு கிடைக்கிறது, மருத்துவப் பணியாளர்கள் போதுமா, பெண்கள் எவ்வளவு பேர் வேலைக்குப் போகிறார்கள், சாலையும் ரயிலும் எவ்வளவு அடர்த்தி, இப்படி. வானத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை, வீட்டையும் வயலையும் பார்த்துப் போட்டது.

ஊறுபடுநிலை மிகுந்தவையாக வந்த எட்டு மாநிலங்கள் ஜார்க்கண்ட், மிசோரம், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம், பீகார், அருணாசலப் பிரதேசம், மேற்கு வங்கம். முதலிடம் ஜார்க்கண்டுக்கு, அங்கே கடலே இல்லை! மும்பையை வைத்திருக்கிற மகாராஷ்டிரம் கடைசியில், தமிழ்நாடும் குறைந்த பிரிவில்தான். இதைப் 'பாதிப்பு' என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? 'புயலும் வெள்ளமும் மாறி மாறி வருகிற தமிழ்நாட்டுக்குப் பாதிப்பு குறைவாம்' என்று தலைப்புப் போடுவார்கள், படிக்கிறவர் கோபப்படுவார், அல்லது நிம்மதியாகத் தூங்கிவிடுவார். இரண்டும் தப்பு. அந்த அறிக்கையே முதல் மாநிலத்துக்கும் கடைசி மாநிலத்துக்கும் இடைவெளி சின்னதுதான், குறியெண் சுமார் 0.67-லிருந்து 0.42 வரை, எல்லா மாநிலங்களும் கவலைப்படவேண்டியவைதான் என்று சொல்கிறது. அதோடு மாநிலச் சராசரிக்குள் மாவட்டம் ஒளிந்துகொள்ளும். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலும் பொறுப்பு வைத்திருப்பதை நான் வரவேற்பது அதனால்தான்.

ஒடிசாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் அங்கே இறந்தவர்கள் கிட்டத்தட்ட 10,000 பேர். 2013 அக்டோபரில் கோபால்பூரில் கரையேறிய பைலின், 1999 அளவுக்கு இல்லாவிட்டாலும் மிகக் கடுமையான புயல்தான், ஆனால் கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்னதாகவே வெளியேற்றியதால் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இதைச் சாதித்த மாநிலம் ஏன் அந்த எட்டில் இருக்கிறது என்று எனக்கும் முதலில் உறுத்தியது. யோசித்தால் புரிகிறது. புயல் நாளில் ஆளை நகர்த்துவது உயிரைக் காக்கிறது. திரும்பி வந்தபின் காப்பீடு இல்லாத மானாவாரி வயலும் போதாத மருத்துவ வசதியும் அப்படியே இருந்தால், அடுத்த அடிக்கு அந்தக் குடும்பம் அதே இடத்தில்தான் நிற்கிறது.

இங்கேதான் அடாப்டேஷன் வருகிறது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒட்டகத்துக்கும் கள்ளிக்கும் சொல்லிக்கொடுத்த 'தகவமைப்பு' இதற்கும் பொருந்தும், தகுந்தபடி அமைத்துக்கொள்வது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமான இறப்புகள் கூடுதலாக நேர்ந்தன. அதன்பின் 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது: முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, பிற்பாடு குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. சூரியனை யாரும் மாற்றவில்லை. தகரக் கூரைக்குக் கீழே தூங்குகிறவரின் ஊறுபடுநிலையைக் குறைத்தார்கள்.

கூட வருகிற மற்ற சொற்களுக்கு: வருகிற தீங்குக்கு 'இடர்' என்று வைத்துக்கொள்வோம், அது பெரிதாகி ஊரையே புரட்டிப்போட்டால் 'பேரிடர்', இது ஏற்கெனவே சட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது. இலங்கையில் 'அனர்த்தம்' என்பார்கள். ரிஸ்க்குக்கு 'இடர்வாய்ப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள், வாய்ப்பு என்றால் நமக்கு நல்லது மாதிரித் தோன்றுவதால் நான் 'அபாயம்' என்றே எழுதுகிறேன். மீதி இருப்பது எக்ஸ்போஷர், புயலின் பாதையில் இருப்பது. 'வெளிப்பாடு' என்று போடுகிறார்கள், அது கவிஞரின் வெளிப்பாடு போல ஒலிக்கிறது. இப்போதைக்கு 'எதிர்ப்படல்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் இதற்கு வேறு ஏதாவது சொல் வைத்திருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன்.