தாய்லாந்து கிரீன் கறியில் இறால் எங்கே இருக்கிறது?

உணவியல் ஆலோசகராக நான் பணியாற்றும் இடத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். இறாலும் நண்டும் தமக்கு ஒவ்வாது என்பது அவருக்குப் பள்ளி நாட்களிலிருந்தே தெரியும். வெளியில் சாப்பிட நேர்ந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். அப்படிப்பட்டவருக்கு, தம் வீட்டில் தாமே சமைத்த தாய்லாந்து கிரீன் கறியைச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் உதடு வீங்கி, கழுத்திலும் கைகளிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருக்கிறது. மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு தேறிய பிறகு, ஒவ்வாமை மருத்துவரின் பரிந்துரையோடு என்னிடம் வந்திருந்தார். "டோஃபுவும் கத்தரிக்காயும்தானே மேடம் போட்டேன், இறால் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். சமையலுக்குப் பயன்படுத்திய விழுதின் பாக்கெட்டை அடுத்த முறை எடுத்துவரச் சொன்னேன். பின்புறத்தில், சேர்பொருள் வரிசையின் நடுவே, பொடி எழுத்தில் 'ஷ்ரிம்ப் பேஸ்ட்' என்று அச்சிடப்பட்டிருந்தது.

தயாரித்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. தாய்லாந்தில் கறி விழுது என்றாலே அதில் 'கப்பி' இருக்கும் என்பது அந்நாட்டுச் சமையலறையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கப்பி என்பது கடலோரத்தில் வலைபோட்டு அள்ளும் மிகச் சிறிய கூனி இறாலை உப்போடு சேர்த்து அரைத்து, வெயிலில் உலர்த்திப் புளிக்க வைத்த கருஞ்சிவப்பு விழுது; மலேசியாவில் வாழும் தமிழர்களுக்குப் பெலாச்சான் என்ற பெயரில் அறிமுகமானதன் உறவுக்காரப் பொருள். பாங்காக்குக்குத் தென்மேற்கே, சமுத் சொங்க்ராம் மாநிலத்தில் உள்ள கிலோங் கோன் இதற்குப் பெயர்பெற்ற ஊர். கறியில் சேரும் அளவு ஒரு தேக்கரண்டிதான் என்பதால் சமைத்து முடித்த உணவில் அதன் வாடை தனியே தெரியாது. ஆனால் ஒவ்வாமைக்கு அந்த ஒரு தேக்கரண்டியே போதும். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மையான புரதம் டிரோபோமயோசின். அது வெப்பத்தைத் தாங்கி நிற்பது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அதன் குணம் போய்விடுவதில்லை. 'நன்றாக வெந்துவிட்டது, ஒன்றும் செய்யாது' என்ற நம்பிக்கை இவ்விடத்தில் ஆபத்தானது.

இதனால்தான், இந்தக் கறியை விரும்பும் எவருக்கும் விழுதை வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைக்கிறேன். சுவைக்காக அப்படிச் சொல்லும் சமையற்கலைஞர்கள் பலர் உண்டு. என் காரணம் வேறு. விழுதில் என்ன இருக்கிறது என்பது அரைத்தவருக்கு மட்டுமே உறுதியாகத் தெரியும்.

தாய்லாந்து மொழியில் 'கேங்' என்று பொதுவாகச் சொல்லப்படும் குழம்பு வகைகள் பல. தேங்காய்ப்பாலே சேராத புளிப்பான கேங் சொம், காட்டுக் குழம்பு என்று பொருள்படும் கேங் பா ஆகியவையும் அவற்றுள் அடங்கும். நாம் கிரீன் கறி என்பது 'கேங் கியாவ் வான்'. கியாவ் என்றால் பச்சை, வான் என்றால் இனிப்பு. பெயரில் உள்ள இனிப்பு சுவையைச் சொல்லவில்லை, பச்சையின் மென்மையைச் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு இனிப்புக் கறி என்று எண்ணிச் சர்க்கரையை அள்ளிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரமான கறிதான் அது.

நான்கு பேருக்கான விழுதுக்கு, காரமான சிறிய பச்சை மிளகாய் பத்து முதல் பதினைந்து, எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு இரண்டு, பேரரத்தை ஒரு மேசைக்கரண்டி, மக்ருத் எலுமிச்சையின் (கடைகளில் காஃபிர் லைம்) பச்சைத் தோல் ஒரு தேக்கரண்டி, கொத்தமல்லி வேர் நான்கைந்து, சின்ன வெங்காயம் ஆறேழு, பூண்டு ஆறு பல், வெறும் சட்டியில் வறுத்த மல்லி விதை ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகு அரைத் தேக்கரண்டி, உப்பு, கப்பி ஒரு தேக்கரண்டி ஆகியவை வேண்டும். பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் இதில் பாதி நம் அடுக்களையிலேயே உள்ளது. கொத்தமல்லிக் கட்டை வாங்கியதும் நறுக்கி எறியும் வேர்தான் அவர்களுக்குக் கறியின் உயிர். இலையைக் காட்டிலும் மண்வாசமும் அழுத்தமும் கூடியது. கறியில் மிதக்கும் பச்சைப் பட்டாணி போன்ற காயைப் பலர் இறக்குமதிப் பொருள் என்று நினைக்கிறார்கள். அது நம் சுண்டைக்காயேதான், ஒரே செடி. நாம் வற்றலாக்கி வத்தக்குழம்பில் போடுவதை அவர்கள் பச்சையாகவே கறியில் இட்டு, அந்தக் கசப்பைத் தேங்காய்ப்பாலின் கொழுமைக்கு எதிராக நிறுத்துகிறார்கள். இறுதியில் தூவும் 'ஹோரப்பா' இலை நம் திருநீற்றுப்பச்சிலையின் இனத்தைச் சேர்ந்தது. துளசி அவர்களிடமும் உண்டு, ஆனால் அதன் இடம் வேறு; காரமாக வதக்கும் கப்ராவ் வகை உணவுகளுக்கே அது போகும், கிரீன் கறிக்கு அன்று.

ஏமாற வாய்ப்புள்ள இடம் அரத்தை. நாட்டுமருந்துக் கடையில் சளிக்காக வாங்கும் காய்ந்த சித்தரத்தையை இடித்துப் போட்டுவிட்டு, கறி கஷாயம் போல் இருக்கிறதே என்று வருந்தியவர்கள் உண்டு. தாய்லாந்தில் 'கா' என்று வழங்குவது பேரரத்தை. அதுவும் காயாத கிழங்காக இருக்க வேண்டும். மலேசியத் தமிழர்கள் லெங்குவாஸ் என்று வாங்குவது இதைத்தான். இஞ்சியைக் கொண்டு ஈடுகட்டினால் கறி உண்ணத் தகுந்ததாகவே இருக்கும், ஆனால் வேறொரு கறியாகிவிடும். மக்ருத் எலுமிச்சையின் இலை, ஒன்றன் நுனியில் மற்றொன்று ஒட்டியது போல் இரட்டையாக இருக்கும். அது கிடைக்காதபோது இளம் நாரத்தை இலையை நடுநரம்பு நீக்கிப் போட்டுப் பார்த்தேன். வேப்பிலைக்கட்டியின் வாசம்தான் வந்தது; எனக்குப் பிடித்திருந்தது, தாய்லாந்துக்காரர் ஒருவருக்குப் பரிமாற மாட்டேன்.

கல் உரலில் இடிப்பதே அங்குள்ள வழக்கம். சொன்புரி மாநிலத்தின் ஆங் சிலா என்ற ஊர் கருங்கல் உரல்களுக்குப் பெயர்பெற்றது. நம் அம்மியும் இதற்குப் பொருத்தமே. காய்ந்த மசாலாவை முதலில் பொடித்துத் தனியே எடுத்துவிட்டு, மிளகாயை உப்போடு இடித்து, பின்னர் அரத்தை, எலுமிச்சைப்புல், தோல், வேர் என நாருள்ளவற்றையும், கடைசியில் நீர்ப்பசையுள்ள வெங்காயம், பூண்டு, கப்பி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். மிக்ஸியில் அரைப்பவர்கள் தண்ணீருக்குப் பதிலாக இரண்டு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலை விட்டு அரைப்பது நல்லது. தண்ணீர் விட்ட விழுது சட்டியில் வதங்காது, வேகத்தான் செய்யும்.

அடுத்த கட்டத்தில் நம் கை பழக்கத்தை மாற்றிக்கொண்டாக வேண்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வரும் முன் இறக்கிவிடு என்றுதான் நம் வீடுகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்; பால் திரிந்துவிட்டால் குழம்பு கெட்டது என்று பொருள். தாய்லாந்தில் முதல் பால்தான் முதலில் சட்டிக்குப் போகிறது, அது திரிய வேண்டும் என்பதற்காகவே போகிறது. தலைப்பால் என்று பொருள்படும் 'ஹுவா கத்தி' ஒரு கோப்பையை மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், ஐந்து முதல் எட்டு நிமிடங்களில் நீர் வற்றி, விளிம்பில் எண்ணெய் கசியத் தொடங்கும். இதற்கு அவர்கள் 'தேக் மன்', அதாவது கொழுப்பு உடைதல், என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெயில் நான்கு மேசைக்கரண்டி விழுதைப் போட்டு, பச்சை வெங்காய வாசம் நீங்கும்வரை வதக்க வேண்டும். டப்பாவில் வரும் தேங்காய்ப்பால் பெரும்பாலும் திரியாது. எவ்வளவு நேரம் நின்றாலும் எண்ணெய் பிரியவில்லை என்று புலம்புகிறவர்கள் டப்பாவின் சேர்பொருள் வரிசையைப் பார்க்கலாம். பால் பிரியாமல் நிற்பதற்கென்றே குவார் பசையும் பால்மமாக்கிகளும் சேர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட பாலோடு போராடாமல், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் விழுதை வதக்கிவிட்டு மேலே செல்லலாம். அதன்பின் 400 கிராம் கோழித் தொடைக்கறி அல்லது டோஃபு, இரண்டு கோப்பை இரண்டாம் பால், நறுக்கிய கத்தரிக்காய், சுண்டைக்காய், கிழித்த மக்ருத் இலை. காய் வெந்ததும் ஹோரப்பா இலையைத் தூவி இறக்க வேண்டியதுதான். நெடுநேரம் கொதித்தால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறும்.

உப்பைப் பற்றி, இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர்களிடம் நான் வழக்கமாகப் போட்டுக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 'நம் பிளா' எனப்படும் மீன் சாற்றின் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 1400 மில்லிகிராம் சோடியம் உள்ளது. நெத்திலி வகை மீனை உப்பில் ஓராண்டோ அதற்கு மேலோ ஊறவைத்து வடிப்பது என்பதால் அதில் வியப்பில்லை. விழுதில் ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்தால் 2300 மில்லிகிராம், குழம்பில் ஒன்றரை மேசைக்கரண்டி நம் பிளா விட்டால் 2100 மில்லிகிராம். கப்பியின் உப்பைக் கணக்கில் கொள்ளாமலே, நான்கு பேரில் ஒருவருக்கு 1100 மில்லிகிராம் வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பே 2000 மில்லிகிராமுக்குக் கீழ்தான். தாய்லாந்தில் சோற்றை உப்பின்றி வடித்து, பொதுவில் வைத்த கறியை இரண்டு மூன்று கரண்டியாக எடுத்து, வேறு பதார்த்தங்களோடு உண்பது வழக்கம். நாமோ சாம்பாரைப் போல் சோறு மூழ்க ஊற்றிப் பிசைந்துவிடுகிறோம். விழுதில் இடிப்பதற்கு உதவும் அளவுக்கு ஒரு சிட்டிகை உப்பு போதும். நம் பிளாவை இறுதியில் அரை அரைத் தேக்கரண்டியாக விட்டுச் சுவைத்துக்கொள்ளலாம். கெட்டித் தேங்காய்ப்பாலின் 100 கிராமில் சுமார் 20 கிராம் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுற்றது என்பதையும் இதய நோயாளிகள் மறக்கக் கூடாது. இரண்டாம் பாலைக் கூட்டி முதல் பாலைக் குறைத்தால் கறி நீர்த்துப்போகும், ஆனால் விழுது சரியாக இருந்தால் சுவை குன்றாது.

மஸமன் கறியைச் சமைப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. முஸ்லிம் என்ற பொருள் தரும் பழைய சொல்லிலிருந்து பெயர் பெற்ற இந்தக் கறியில் பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் சேர்வதால் நம் நாக்குக்கு உடனே பழகிவிடுகிறது. அதில் வேர்க்கடலையும் சேரும். பனேங் கறியில் கடலையை விழுதோடு அரைத்துவிடுவதும் உண்டு என்பதால் கண்ணுக்கே தெரியாது. கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இவ்விரண்டையும் வெளியிலிருந்து வரவழைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

சைவ உணவினர் கேட்பது, கப்பி இல்லாமல் இது உண்மையான தாய்லாந்துக் கறி ஆகுமா என்பது. ஆகும். சீன வழியில் வந்த 'ஜே' என்னும் மரக்கறி நோன்பு தாய்லாந்தில் வேரூன்றியது. புக்கெட்டில் ஆண்டுதோறும் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் நடக்கும் விழாவின்போது மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் ஜே என்று எழுதித் தொங்கவிட்ட கடைகளைக் காணலாம். அந்தச் சமையலில் பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. கப்பியின் உவர்ப்பையும் ஆழத்தையும் புளிக்கவைத்த சோயா விழுதான 'தாவ் ஜியாவ்' ஓரளவு தருகிறது. வட தாய்லாந்தில் 'துவா நாவ்' என்னும் புளித்த சோயா வில்லைகளைக் கப்பியின் இடத்தில் பயன்படுத்துவது பழைய வழக்கமே. சோயாவோ கோதுமையோ ஒவ்வாதவர்கள் தாவ் ஜியாவ் புட்டியின் பின்புறத்தையும் படிக்க வேண்டும், ஏனெனில் அதில் கோதுமை மாவு சேர்வதுண்டு. உணவகத்தில் 'வெஜ் கிரீன் கறி' என்று இருந்தால் இறைச்சி இல்லை என்பது மட்டுமே சில இடங்களில் அதன் பொருள். விழுதில் கப்பி உண்டா, உப்புக்கு நம் பிளா ஊற்றுகிறீர்களா என்று இரண்டையும் தனித்தனியே கேட்பது நல்லது. பாக்கெட் வாங்குவோர் 'கிரீன்' என்ற சொல்லைப் பச்சைப் புள்ளியோடு குழப்பிக்கொள்ளாமல், சைவக் குறியீட்டையும் ஒவ்வாமைப் பொருள் அறிவிப்பையும் தேடிப் படிக்க வேண்டும்.

மீந்த விழுதை எண்ணெயில் மூழ்க வைத்து அலமாரியில் பல நாள் வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். பூண்டு சேர்ந்த, புளிப்பில்லாத விழுது எண்ணெய்க்கடியில் காற்றின்றி இருக்கும்போது பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு. அது வளர்ந்ததை வாசத்தாலோ நிறத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. ஐஸ் தட்டில் கட்டிகளாக உறையவைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அந்தப் பெண் இப்போது மாதம் ஒருமுறை தாமே விழுது அரைக்கிறார். அவருடைய கணவருக்குக் கப்பியில்லாத கறி ருசிக்கவில்லை என்பதால் அந்த வீட்டில் இரண்டு விழுதுகள் தயாராகின்றன. கப்பி இல்லாததை முதலில் அரைத்து உறையவைத்த பிறகே மற்றதை அரைக்க வேண்டும், கப்பிக்கென்று ஒரு மிக்ஸி ஜாடியும் கரண்டியும் தனியே இருக்க வேண்டும், உறைபெட்டியில் வைக்கும் டப்பாவின் மூடியில் எழுதாமல் டப்பாவின் மேலேயே எழுத வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மூடிகள் மாறிவிடும்.