சொல் விளக்கம்: செவ்வி

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை ஒன்றின் வாசலில் சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் நின்றிருந்தேன். காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒளிபரப்பு இதழியல் படிக்கும் மாணவியர் மூவர், கேமராவையும் அதைத் தாங்கும் முக்காலியையும் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் போனார்கள். வாரத்தில் ஒரு வகுப்பு அவர்களுக்கு மொழிநடை கற்பிப்பது என் பொறுப்பு. கேமரா கற்பிப்பவர் வேறொருவர். முன்னால் போனவள், பாடக்குறிப்பில் படித்ததைப் படித்தபடியே, தரையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, உங்களை நேர்முகத் தேர்வு செய்ய வந்திருக்கிறோம்” என்றாள். அவர் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்த அச்சுக்குள் சாயக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “இந்த வயசுல எனக்கு எந்த வேலைக்கு ஆத்தா தேர்வு? இருக்கிற வேலையவே முடிக்க முடியல” என்றார்.

மாணவியர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் அந்த ஆண்டில் அந்தச் சொல்லை நான் கேட்டது அது எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டிருந்தேன். அவர்களுக்குத் தரப்பட்ட பாடக்குறிப்பு ஆங்கிலத்திலிருந்து யாரோ, அல்லது ஏதோ ஓர் இயந்திரம், பெயர்த்தது. அதில் ‘இன்டர்வியூ’ வரும் இடமெல்லாம் ‘நேர்முகத் தேர்வு’ என்றே இருக்கிறது. கேள்வி கேட்பவர் ‘தேர்வாளர்’, பதில் சொல்பவர் ‘விண்ணப்பதாரர்’. “விண்ணப்பதாரரின் மூக்கு நிழல் உதட்டின் மேல் விழாதவாறு விளக்கைத் தாழ்த்தவும்” என்றொரு வரி அதில் உண்டு. ஒளியமைப்பைப் பற்றிய சரியான அறிவுரைதான் அது. ஆனால் அதைப் படிக்கும் பிள்ளை, அரசுத் தேர்வாணையத்தின் அறைக்குள் யாரோ விளக்குப் பிடிப்பதாக அல்லவா எண்ணிக்கொள்ளும்?

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் பெரிய மனிதர்கள் முறைப்படி சந்தித்துக்கொள்வதையே குறித்தது. செய்தியாளர் ஒருவரிடம் கேட்டு எழுதுவது என்னும் பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. வேலைக்கு ஆள் எடுக்கும் சந்திப்பு அதே சொல்லின் இன்னொரு கிளை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரு வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல் இரு வேலை பார்க்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது அவற்றைக் குழப்புவது சோம்பல் அன்றி வேறில்லை.

‘நேர்முகம்’ என்னும் சொல்லின் நிலைமையைச் சற்றுப் பாருங்கள். வரியில் நேர்முக வரி. அலுவலகத்தில் நேர்முக உதவியாளர். வானொலியில் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நேர்முக வர்ணனை. வேலைக்கு நேர்முகத் தேர்வு. முதலாவதில் அது மறைமுகத்துக்கு எதிர்ச்சொல். இரண்டாவதில் ஒருவருக்கென்றே உரியவர். மூன்றாவதில் நடக்கும்போதே சொல்வது. நான்காவதில் முகத்துக்கு முகம். ஊர்ப் பொதுக் கிணற்றைப் போல வந்தவரெல்லாம் இறைத்துக்கொள்ளும் இந்தச் சொல்லில் இன்னொரு வாளியையும் இறக்கினால் அடியில் சேறுதான் வரும். அதோடு ‘தேர்வு’ என்ற பின்னொட்டு சேர்ந்தால் கேடு முழுமையாகிறது. தேர்வு என்றால் ஒருவர் மதிப்பெண் போடுகிறார், மற்றவர் நடுங்குகிறார் என்று பொருள். பட்டறைப் பெரியவரிடம் நின்ற மாணவியர் உண்மையில் எதுவும் தெரியாமல் போனவர்கள், தெரிந்தவர் அவர். சொல்லோ அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, அறியாதவரைத் தேர்வாளர் நாற்காலியில் உட்கார்த்தியது.

இது வெறும் சொல்லளவில் நிற்கவும் இல்லை. மூவரும் நின்றபடியே கேமராவை வைத்தார்கள், பெரியவரோ தரையில். ஆகவே பதிவில் அவர் கீழிருந்து மேலே அண்ணாந்து பார்க்கிறார், புகார் கொடுக்க வந்தவரைப் போல. பேசுபவரின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்க வேண்டும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லப்படும் பாடம். ‘தேர்வாளர்’ என்று எண்ணிக்கொண்டு போனவர்களுக்குத் தரையில் உட்காரத் தோன்றவில்லை என்றே நான் நினைக்கிறேன். கேமரா ஆசிரியர் இதை ஒப்பவில்லை. முக்காலியின் கால்களைச் சுருக்கச் சோம்பல் என்பது அவர் கட்சி.

அப்படியானால் ‘நேர்காணல்’ போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது நல்ல சொல். பிரெஞ்சு மூலத்துக்கும் மிக நெருக்கமானது. ஏடுகளில் நிலைபெற்றும் விட்டது. நேர்முகத் தேர்வோடு ஒப்பிட்டால் அதை எழுந்து நின்று வணங்கலாம். எனினும் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களும் ‘நேர்காணலுக்கு வரவும்’ என்றே அச்சிடுவதால், நாம் விலக்க நினைக்கும் குழப்பம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. மற்றொன்று ‘நேர்’ என்னும் முன்சொல். செய்திப் பதிவில் கேமராவை நேரே பார்த்துப் பேசுபவர் செய்தியாளர் மட்டுமே. பதில் சொல்பவர் கேமராவை ஒட்டி அமர்ந்திருக்கும் கேள்வியாளரின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். அவருடைய பார்வை போகும் பக்கம் சட்டகத்தில் சற்று அதிக இடம் விடுவார்கள். ‘நேர்காணல்தானே, நேராகக் காணுங்கள் ஐயா’ என்று அந்தப் பெரியவரைக் கேமராவின் கண்ணாடியைப் பார்க்க வைத்ததும் நம் பிள்ளைகள்தாம். வீட்டில் பேரப்பிள்ளைகளிடம் கதை சொல்லும் மனிதர் கண்ணாடியைப் பார்த்ததும் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர் போல் விறைத்துப்போனார்.

‘பேட்டி’ வடக்கிலிருந்து வந்தது; இந்தி, மராத்தி மொழிகளில் சந்திப்பைக் குறிக்கும் சொல்லின் உறவு. இந்தியில் அதற்குக் காணிக்கை என்ற பொருளும் உண்டு. விமான நிலைய வாசலில் தலைவர் ஒருவர் பத்து ஒலிவாங்கிகளுக்கு முன் நின்று, தாம் சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறுவதற்கு அது பொருத்தமான பெயரே. அங்கே கேள்வி இல்லை, வழங்கல்தான் உண்டு. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

நான் முன்வைப்பது ‘செவ்வி’. இதை நான் படைக்கவில்லை; ஈழத்துத் தமிழர் இதழ்களிலும் வானொலியிலும் செவ்வி காண்பதும் செவ்வி வழங்குவதும் இயல்பான வழக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும் சொல்லைக் கடலுக்கு இந்தப் பக்கம் ‘அது இலங்கைத் தமிழ்’ என்று ஒதுக்குவது நமக்கு அழகில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து, தேக்கையும் சொற்களையும் சேர்த்தே கொண்டு வந்த செட்டிநாட்டார் அப்படிச் சொன்னால் இன்னும் அழகில்லை.

முதலில் ஒரு பிழையை நீக்கிவிட வேண்டும். செவ்வி என்பது காதாகிய ‘செவி’யிலிருந்து வந்தது, கேட்பதால் செவ்வி என்று மேடைகளில் சிலர் விளக்குகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் உண்மை அன்று. அதன் வேர் செம்மை. செம்மையான நிலை, ஏற்ற பருவம், தக்க நேரம் என்று பொருள் விரியும். குறளிலேயே அதன் நிறங்களைப் பார்க்கலாம். ‘கதங்காத்துக் கற்றடங்கல் ஆற்றுவான் செவ்வி அறம்பார்க்கும்’ என்னும்போது (130) அறமே ஒருவனை அடையக் காத்திருக்கும் நேரம் அது. ‘சிலர்அதன் செவ்வி தலைப்படு வார்’ என்னும்போது (1289) மலரினும் மெல்லிய ஒன்று கைகூடும் பதம். ‘அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம்’ என்று தொடங்கும் குறள்தான் (565) நம் வழக்குக்கு நேர்ச்சான்று. தன்னைக் காண வருவோருக்கு எளிதில் நேரம் தராதவன், தந்தாலும் கடுமுகம் காட்டுபவன். அவன் செல்வம் பேய் காத்த செல்வம் போன்றது என்கிறார் வள்ளுவர். ஒருவரைச் சென்று காண்பதற்கு அவர் தரும் நேரமே அங்கே செவ்வி.

இந்தச் சொல்லில் கொடுப்பவர் உயர்ந்து நிற்கிறார், வாங்க வந்தவர் வாசலில் நிற்கிறார். கல் செய்பவரிடம் போனாலும் கண்டாங்கிச் சேலை நெய்பவரிடம் போனாலும், செவ்வி கேட்டுப் போகும் செய்தியாளருக்கு அவர் அரசர். இந்த ஒரு காரணத்துக்காகவே மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். குறை உண்டு: கேள்வி என்ற கருத்து அதில் வெளிப்படையாக இல்லை. ஆங்கிலச் சொல்லிலும் அது இல்லை. கேள்வியின் இலக்கணம் வேண்டுவோர் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரிடம் போகட்டும். ‘அறிவு அறியாமை ஐயுறல் கொளல் கொடை ஏவல்’ என்று வினாவை ஆறாக அவர் வகுத்ததை நான் வகுப்பில் முதல் நாளே எழுதிப் போடுவேன். தெரிந்ததையே தெரியாதவர் போல் கேட்கும் அறிவினாவைச் செய்தியாளர் அளவோடு பயன்படுத்த வேண்டும்; அறியாவினாவைக் கேட்க வெட்கப்படக் கூடாது. மாணாக்கன் கேட்கும் முறையைச் சொல்லும்போது அவர் எழுதிய ‘செவி வாயாக நெஞ்சு களனாக’ என்பதைவிடச் சுருக்கமான பயிற்சிக் குறிப்பு இதழியலில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் அடுத்த கேள்வியைத் தாளில் தேடிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டுவது பதிவில் தெளிவாகத் தெரிகிறது.

“கேமராவை மட்டும் ஏன் கேமரா என்றே சொல்கிறீர்கள்?” என்று ஒரு மாணவி மடக்கினாள். நியாயமான கேள்வி. இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு வளைகூரை அறை என்று பொருள். இருட்டறையின் சிறு துளை வழியே வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும் அமைப்புக்கு ‘இருட்டறை’ என்று இலத்தீனில் பெயரிட்டு, பிறகு இருட்டை விட்டுவிட்டு அறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றிய இருண்ட அறைகளில் ஒன்றின் கதவுத் துளைக்கு எதிரே வெள்ளைத் துணி பிடித்தால் நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஆக, அச்சொல்லின் பொருளை இன்று ஐரோப்பியரே மறந்துவிட்டார்கள், வெறும் பெயராகிவிட்டது. கருவி பெயரோடு வந்தால் வரட்டும். பாடக்குறிப்பில் உள்ள ‘காணொளிப் புகைப்படக் கருவி’யைச் சொல்லி முடிப்பதற்குள் எடுக்க வேண்டிய காட்சி போய்விடும், ஒளியால் எழுதுவதற்கு நடுவில் புகை எதற்கு என்ற வழக்கை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். செவ்வி கருவி அன்று. ஒருவரைத் தேடிப் போய்க் கேட்பது நாம் தொன்றுதொட்டுச் செய்துவரும் செயல். அதற்குப் பெயர் கடன் வாங்குவதும், வாங்கியதைத் தவறாகப் பெயர்ப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை.

செவ்வி என்றால் யாருக்கும் புரியாது என்ற மறுப்பையும் அவளே சொன்னாள். எழுத்திலும் அறிவிப்பிலும் வந்தால் ஓராண்டில் புரிந்துவிடும் என்றேன். பட்டறை வாசலில் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை, பேச்சுத் தமிழில் அதற்கு ஈடான சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்றும் சொன்னேன்.

மறுவாரம் மூவரும் மீண்டும் போனார்கள். அச்சில் சாயம் ஊற்றியதும், அதன் மேல் சிமெண்டையும் மணலையும் தூவி, கலவையைப் பரப்பி, அது இறுகுவதற்குள் மட்டப்படுத்த வேண்டும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் கல் கெட்டுவிடும் என்பதை இம்முறை வாசலில் நின்றே பார்த்துக்கொண்டார்கள். கை ஓய்ந்ததும் அதே பெண், “ஐயா, உங்ககிட்ட நாலு விஷயம் கேக்கணும், எப்ப வந்தாத் தோதுப்படும்?” என்றாள்.

“நாலு மணிக்கு மேல வா ஆத்தா. இந்தக் கல்லைத் தண்ணித் தொட்டியில போட்டுட்டு, கை கழுவிட்டு வந்துர்றேன்.”

அந்தப் பதிவில் அவர் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். கேமரா தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது.