எக்ஸ்பிக்கு எந்த டிரைவர்? பழைய கணினியை வெர்ச்சுவல் மெஷினில் குடியேற்றும் முன்

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. சேலம் கைகழுவவில்லை. ஆத்தூர் ரோட்டில் சேகோ ஃபேக்டரியின் எடைமேடை, இளம்பிள்ளையில் ஜக்கார்டு டிசைன் போடும் மென்பொருள், ஏற்காட்டில் காபி எஸ்டேட்டின் சம்பளப் பட்டியல் என்று இன்னும் எங்கேயாவது ஒரு எக்ஸ்பி பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டிருப்பார். புது விண்டோஸில் அது ஏறாது. மதர்போர்டில் கண்டென்சர் உப்பிப் பெட்டி படுத்த பிறகுதான் வெர்ச்சுவல் மெஷின், அதாவது புதுக் கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி, ஞாபகம் வருகிறது.

"தம்பி, போர்டோட வந்த டிரைவர் சிடியப் பத்திரமா வெச்சிருக்கேன், அதைப் போட்டாப் போதுமில்ல?" என்று கேட்பார்கள். டிரைவர் என்பது ஒரு பாகத்தோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள். இங்கே அந்த சிடியால் ஒரு பயனும் இல்லை. வெர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் எக்ஸ்பி உங்கள் புது மதர்போர்டையும் பார்ப்பதில்லை, பழையதையும் பார்ப்பதில்லை. வெர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருளான வெர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ தானே ஒரு கற்பனைக் கணினியைக் கட்டி அதற்கு முன்னால் நிறுத்துகிறது. அந்தக் கற்பனைப் பாகங்களுக்குத்தான் டிரைவர் வேண்டும். அவை எவை என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். எக்ஸ்பிக்கு ஏற்கெனவே பழக்கமான பாகங்களைக் கொடுத்துவிட்டால் பாதி டிரைவர் தேடவே வேண்டியதில்லை.

வெர்ச்சுவல்பாக்ஸில் புது மெஷின் உருவாக்கும்போது 'விண்டோஸ் எக்ஸ்பி 32-பிட்' என்று சரியாகச் சொன்னால் பெரும்பாலும் அதுவே பொருத்தமாக அமைத்துக் கொடுக்கும். வேகம் கூடும் என்று வட்டின் இணைப்பைப் பழைய ஐடிஇ வகையிலிருந்து புது வகையான சாட்டாவுக்கு மாற்றுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எக்ஸ்பி நிறுவல் சிடியில் சாட்டா ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சாதித்துவிடும். ஐடிஇ-யிலேயே விடுங்கள். நெட்வொர்க் கார்டுக்கு பிசிநெட் ஃபாஸ்ட் III, அல்லது இன்டெல் ப்ரோ/1000 வகையில் 'டி சர்வர்'. இரண்டையும் எக்ஸ்பி தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். பெயரில் பக்கத்தில் இருக்கும் 'எம்டி டெஸ்க்டாப்' விஸ்டாவுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் சரி, எக்ஸ்பியில் தனியாக டிரைவர் கேட்கும். யுஎஸ்பி 3.0 கன்ட்ரோலரை எக்ஸ்பிக்குத் தெரியாது, 2.0 போதும்.

நிறுவி முடித்ததும் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'வீடியோ கன்ட்ரோலர்', 'பேஸ் சிஸ்டம் டிவைஸ்' என்று இரண்டு மஞ்சள் கேள்விக்குறிகள் நிற்கும். இங்கேதான் பலர் இணையத்தில் தேடப் போய், எல்லா டிரைவரும் ஒரே கட்டாக என்று சொல்லும் ஏதோ ஒரு தளத்தில் இறக்கி, கூடவே நாலு விளம்பர மென்பொருளையும் வீட்டுக்குள் அழைத்து வருகிறார்கள். அவசியமே இல்லை. அந்த இரண்டும் வெர்ச்சுவல்பாக்ஸின் சொந்தக் கற்பனைப் பாகங்கள். வெர்ச்சுவல்பாக்ஸோடு வரும் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' தொகுப்பை எக்ஸ்பிக்குள் நிறுவினால் இரண்டு கேள்விக்குறியும் போய்விடும். திரையும் முழு அளவுக்கு வரும். (விண்டோஸ் 98 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.) அப்படியும் ஒரு கேள்விக்குறி மிஞ்சினால், அதன் பண்புகளில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அதில் VEN_ என்பதை அடுத்து 8086 என்று இருந்தால் இன்டெல். 1978-இல் வந்த சில்லின் எண்ணையே நிறுவனத்துக்கும் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள், ரசனைக்காரர்கள்தான்.

இதுவரை கற்பனைப் பாகங்கள். உண்மையான வேலை, கேபிளில் தொங்கும் உண்மையான கருவிகளில்தான்.

எடைமேடையை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிக்கிழங்கு லோடு ஏறி நின்றதும் எடை காட்டும் இண்டிகேட்டர் சீரியல் கேபிள் வழியாக எண்ணை அனுப்பும். மென்பொருள் காம்1 என்ற சீரியல் போர்ட்டை மட்டுமே பார்த்துக் காத்திருக்கும். புதுக் கணினியில் சீரியல் போர்ட்டே இருக்காது, அதனால் யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்குவோம். உடனே அந்தக் கேபிளுக்கு எக்ஸ்பி டிரைவர் தேடி அலைவார்கள். சுலபமான வழி வேறு. கேபிளின் டிரைவரை வெளியே, விண்டோஸ் 10-இலோ 11-இலோ போட்டுவிடுங்கள். அங்கே அது காம்5 என்று வரட்டும். வெர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் சீரியல் போர்ட் பகுதியில் முதல் போர்ட்டை காம்1 ஆக இயக்கி, 'ஹோஸ்ட் டிவைஸ்' என்று தேர்ந்து, பாதையில் காம்5 என்று கொடுங்கள். எக்ஸ்பி பார்ப்பது சாதாரண காம்1. அதற்கான டிரைவர் எக்ஸ்பியோடு பிறந்தது. பாட் வேகம் (தகவல் அனுப்பும் வேகம்) மட்டும் இண்டிகேட்டரில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. மலிவான கேபிள்களில் பிஎல்2303 என்ற சில்லின் பழைய வகை அல்லது போலிச் சில்லு இருக்கும். விண்டோஸ் 11-இல் செருகினால், கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் '2012-இலேயே இந்தச் சில்லு நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஆங்கில வாசகம் நிற்கும். அப்போது அந்த யுஎஸ்பியை நேராக எக்ஸ்பிக்குள் அனுப்பி, உள்ளே பழைய டிரைவரைப் போட்டால் வேலை நடக்கலாம். நான் நல்ல கேபிளாக ஒன்று வாங்கச் சொல்லிவிடுவேன். லோடு வரிசையில் நிற்கும்போது போர்ட் காணாமல் போனால் லாரிக்காரரிடம் பேச்சு வாங்குவது நான் அல்ல, மேடையில் இருக்கும் பையன்.

இளம்பிள்ளைப் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. டிசைன் மென்பொருளின் டாங்கிள், அதாவது செருகினால்தான் மென்பொருள் ஓடும் சாவி, யுஎஸ்பியாக இருந்தால் வெர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி ஃபில்டரில் சேர்த்து உள்ளே அனுப்பலாம். அதற்கு மட்டும் டாங்கிள் நிறுவனத்தின் எக்ஸ்பி டிரைவர் உள்ளே வேண்டும். பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் போர்ட்) செருகும் டாங்கிள் என்றால் யுஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அந்தக் கேபிள் தன்னைப் பிரிண்டராக மட்டுமே காட்டிக்கொள்ளும். டாங்கிள் தேடுகிற 378 முகவரி அதில் இல்லை. உண்மையான பேரலல் கார்டு செருகி, அந்தப் போர்ட்டை உள்ளே விடும் விஎம்வேர் போன்ற ஒன்றில்தான் முயன்று பார்க்க வேண்டும். டாங்கிளே இல்லாமல் ஓட வைக்கும் பைல் பென் டிரைவில் கைமாறுகிறது என்பதும் தெரியும். சட்டம் ஒருபக்கம், அதற்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பெரிய தலைவலி இல்லை. யுஎஸ்பி வழியாக உள்ளே விட்டு, எக்ஸ்பியிலேயே இருக்கும் எப்சன் டிரைவர்களில் ஒன்றைத் தேர்ந்தால் பெரும்பாலும் அடித்துவிடும். எக்ஸ்பி பிடித்திருக்கும்வரை வெளியிலிருந்து அதில் பிரிண்ட் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

நெட்வொர்க் டிரைவர் பற்றி மேலே சொன்னேன். ஆனால் எக்ஸ்பிக்கு நெட்வொர்க் எதற்கு? கோப்பு பரிமாற கெஸ்ட் அடிஷன்ஸில் 'ஷேர்டு ஃபோல்டர்' இருக்கிறது. அதை விட்டுவிட்டு, எக்ஸ்பியின் ஃபோல்டர் தெரிய வேண்டும் என்று விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை இயக்கி வைக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் மென்பொருள் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது அந்தக் கதவு வழியாகத்தான். அதற்குப் பிறகு எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. நெட்வொர்க் அடாப்டரின் டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவர் தேடும் வேலையும் மிச்சம்.

பழைய பெட்டியின் வட்டை அப்படியே நகலெடுத்து வெர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றுவதாக இருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலரின் டிரைவரை 'ஸ்டாண்டர்டு டூயல் சேனல்' வகைக்கு மாற்றிவிட்டு, பிறகு டிஸ்க்2விஹெச்டி என்ற நகலெடுக்கும் மென்பொருளின், எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பைக் கொண்டு வட்டை நகலெடுக்கலாம். இதை மறந்தால் புது இடத்தில் முதல் பூட்டிலேயே 7பி என்ற எண்ணோடு நீலத் திரை வரும். பெட்டி செத்த பிறகு வட்டை மட்டும் பையில் கொண்டுவந்தாலும் சரிசெய்யலாம், ஆனால் எக்ஸ்பி சிடி போட்டு ரிப்பேர் நிறுவல் வரைக்கும் இழுக்கும்.

மதர்போர்டில் நேராகச் செருகும் பிசிஐ கார்டை வைத்து ஓடும் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி என்றால் நான் வெர்ச்சுவல் மெஷினைத் தொடுவதே இல்லை. அந்தக் கார்டை வெர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே விடாது. அங்கே வட்டுக்கு ஒரு நகல், மாற்று எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஒன்று, அதே மாடலில் பழைய மதர்போர்டு ஒன்று. மதர்போர்டுதான் கிடைப்பதில்லை, எடைக்குப் போடப் போகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.