"அந்த நெஞ்சுவலியை நாலாம் பெட்டுக்கு மாத்துங்க"

கம்பத்திலிருந்து ஜீப்பில் மேலேறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற என் மாமாவுக்கு ஒருநாள் ராத்திரி நெஞ்சுவலி. குமுளிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணி மூன்றரை. டாக்டர் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "சிஸ்டர், அந்த நெஞ்சுவலியை நாலாம் பெட்டுக்கு மாத்துங்க" என்றார். மாமாவுக்குப் பெயர் இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் முந்தின நாள் காலை எட்டு மணிக்கு டூட்டிக்கு வந்தவர் என்று சிஸ்டர் சொன்னதும் அடங்கிவிட்டேன்.

தாளை அவர் இரண்டு முறை பார்த்ததற்குக் காரணம் அடினோசின். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகிற பொருள் இது. நரம்பணுக்களின் வேகத்தைக் குறைக்கும். தூங்கினால்தான் கரையும். கட்டன்சாயா குடித்தால் அதிலுள்ள காஃபீன், அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். களைப்பு தெரியாது, அவ்வளவுதான். அடினோசின் அப்படியே இருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலத் தடுமாறுவதை 1997-இல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். நம் நாட்டில் 30-ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது.

சரி, இது தூக்கக் கடன், தூங்கினால் அடையும். "அந்த நெஞ்சுவலி" என்று வாயில் வருவது வேறு. மாதக்கணக்கில் இப்படியே போனால் வருகிற பணிச்சோர்வுக்கு மூன்று முகங்கள் உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் 1981-இல் வகுத்தார்: உள்ளம் வற்றிப்போவது, ஆளை ஆளாகப் பார்க்க முடியாமல் போவது, செய்கிற வேலையால் பயனில்லை என்று தோன்றுவது. நடுவில் உள்ளதைத்தான் நாம் திமிர் என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொருவர் வலியையும் தன் வலியாக எடுத்துக்கொள்ளத் தெம்பில்லாதபோது மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. மருத்துவத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அக்கறையோடு வந்தவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையால் விளைவது என்றே வகைப்படுத்தியது. அப்படியென்றால் டாக்டரை யோகா வகுப்புக்கு அனுப்பினால் மட்டும் போதாது, டூட்டி அட்டவணையில் கைவைக்க வேண்டும். அமெரிக்காவில் 2004-இல் வெளிவந்த ஆய்வில், 24 மணி நேரத்துக்கும் மேல் நீளும் பழைய டூட்டி முறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த பெரும் பிழைகள், நேரம் குறைத்த முறையைவிட 36 சதவீதம் அதிகம். நம் மத்திய அரசும் 1992-லேயே முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர் டூட்டி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதிவைத்தது. அன்றைக்கு மாமாவைப் பார்த்த டாக்டருக்கு 19 மணி நேரம் கடந்திருந்தது.