கிளம்பும்போது சக்கரம் ஏன் குதிக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் இருப்பது பின்சக்கரங்களால் ஓடும் பெர்ஃபார்மன்ஸ் கார். டிராக்கில் நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பினால் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. முழு சஸ்பென்ஷனையும் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவில்லாமல் சரிசெய்ய வழி இருக்கிறதா?”

இருக்கிறது. முழு செட்டையும் மாற்றினாலும் குதிப்பு நிற்காமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காசை எங்கே போடுவது என்று தெரிய வேண்டுமானால், இந்தக் குதிப்புக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

பள்ளியில் படித்த உராய்வு விதி நினைவிருக்கும். உராய்வு விசை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், வழுக்கும் வேகத்தைப் பொறுத்து மாறாது. உலோகத்தின் மேல் உலோகம் உரசும்போது இது ஓரளவு சரி. ரப்பர் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. டயர் தரையைப் பிடிப்பதற்கே கொஞ்சம் வழுக்க வேண்டும். காய்ந்த சாலையில், காரின் வேகத்தைவிட டயரின் மேற்பரப்பு சுமார் 10 முதல் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும்போதுதான் பிடிப்பு உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் சுற்றினால் பிடிப்பு குறையத் தொடங்கும். வழுக்கலை ஒரு அச்சிலும் பிடிப்பை இன்னொன்றிலும் வைத்து வரைந்தால், கோடு விறுவிறுவென்று ஏறி, உச்சிக்குப் போய், பிறகு மெதுவாகச் சரியும். அந்தச் சரிவில்தான் நம் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

அந்தச் சரிவுக்குப் போவது சுலபம். 400 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தரும் எஞ்சின், முதல் கியரின் விகிதம் 3.5, இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் 3.7 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஆக்ஸிலுக்கு 5,180 நியூட்டன் மீட்டர். 32 சென்டிமீட்டர் ஆரமுள்ள இரண்டு டயர்களுக்குப் பிரித்தால் அது சக்கரத்துக்குச் சுமார் 8,000 நியூட்டன் தள்ளுவிசை. அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையோ 5,000 நியூட்டனுக்குப் பக்கத்தில்தான். டயர் வழுக்காமல் என்ன செய்யும்?

வழுக்கினால் மட்டும் குதிக்காது. சீராக வழுக்கினால் புகை வரும், டயர் தேயும், அவ்வளவுதான். குதிப்பதற்கு இன்னொன்றும் வேண்டும்: சக்கரத்துக்கும் காருக்கும் நடுவில் வளைந்து கொடுக்கும் ஏதோ ஒன்று. அதுதான் ரப்பர் புஷ். கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பி), டிஃபரன்ஷியல், பின்பக்க சப்ஃபிரேம் (இவற்றைத் தாங்கும் சட்டம்) என எல்லாவற்றையும் காரோடு சேர்க்கும் இடங்களில், இரும்புக் குழாய்க்குள் ரப்பர் வைத்து ஒட்டிய புஷ்கள் இருக்கின்றன. சத்தமும் அதிர்வும் உள்ளே வராமல் இருக்க அவை மென்மையாகவே செய்யப்படுகின்றன. தொழிற்சாலை புஷ்கள் சிலவற்றில் ரப்பருக்கு நடுவே காலி இடமும் விட்டிருப்பார்கள்.

இப்போது ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பார்ப்போம். டயர் வழுக்கிக்கொண்டே காரை முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் புஷ் நசுங்கி, சக்கரத்தின் நடுப்பகுதி காரை விட்டுச் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்கிறது. அப்படி நகரும் நேரத்தில் தரையைப் பொறுத்து டயரின் வழுக்கல் கொஞ்சம் குறையும், ஏனென்றால் டயர் சுற்றும் திசைக்கு ஏற்றபடி சக்கரமும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. நாம் இருப்பது அந்தச் சரிவுப் பகுதியில், வழுக்கல் குறைந்தால் பிடிப்பு கூடும் இடத்தில். ஆக, முன்னால் நகரும் சக்கரத்தை டயர் இன்னும் பலமாக முன்னால் தள்ளுகிறது. நசுங்கிய புஷ் ஓர் எல்லையில் திருப்பித் தள்ளும். சக்கரம் பின்னால் வரும்போது வழுக்கல் கூடி, பிடிப்பு குறையும். பின்னால் வருவதைத் தடுக்க வேண்டிய விசை சரியாக அந்த நேரத்தில் தளர்ந்துவிடுகிறது.

போகும்போது கூடுதல் தள்ளல், வரும்போது குறைந்த தடை. இரண்டு பாதியிலும் அதிர்வுக்கு ஆற்றல் சேர்கிறது. சாதாரணமாக உராய்வு அசைவை அடக்கும். இங்கே அதுவே அசைவை வளர்க்கிறது. இயற்பியலில் இதை எதிர்த் தணிப்பு எனலாம். எஞ்சின் கொடுப்பது ஒரே சீரான சுழற்சிதான். தடதடப்பு டயருக்கும் ரப்பருக்கும் நடுவில், கூட ஒரு பாகமும் இல்லாமல், தானாகவே உருவாகிறது. வயலின் வில்லும் தந்தியும் செய்வது இதையேதான். வில் ஒரே திசையில் ஒரே சீராகப் போகிறது. தந்தி அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய், விட்டுத் திரும்பி, மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்.

சரி, முன்னும் பின்னும் ஆடுவது எப்படி மேலும் கீழும் குதிப்பாக மாறுகிறது? கண்ட்ரோல் ஆர்ம்கள் தரைக்கு இணையாக இருப்பதில்லை, சாய்ந்திருக்கும். சாய்ந்த கம்பியின் வழியாகத் தள்ளினால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கு செங்குத்தாகப் போகும். சக்கரம் தரையில் ஒரு கணம் அதிகமாக அழுந்தும், மறுகணம் எடை விட்டுப்போகும். எடை விட்டால் பிடிப்பும் போகும். அப்புறம் சக்கரம் காற்றில் வேகமெடுத்துச் சுற்றி, கீழே வந்து தரையை முரட்டுத்தனமாகப் பிடிக்கும். ஆக்ஸில் ஷாஃப்ட் முறிவதும் டிஃபரன்ஷியல் கூடு விரிசல் விடுவதும் இந்தப் பிடியில்தான். அதனால் குதிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருப்பது ஆபத்து. காலை எடுத்துவிடுங்கள், குதிப்பு உடனே நிற்கும்.

எவ்வளவு வேகத்தில் குதிக்கும் என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே போட்டுவிடலாம். டயரின் விறைப்பு மீட்டருக்கு சுமார் 2,00,000 நியூட்டன். சக்கரம், பிரேக், ஆர்மில் பாதி எல்லாம் சேர்ந்து 40 கிலோ. ஒன்றை மற்றதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் வகுத்தால் விநாடிக்கு 11 முறை. காரின் உடல் மேலும் கீழும் ஆடுவது விநாடிக்கு ஒன்று அல்லது இரண்டு முறைதான். அதனால்தான் இது ஆட்டமாகத் தெரியாமல் தடதடப்பாகக் கேட்கிறது.

அதிர்வை அடக்குவதற்கென்றே ஷாக் அப்சார்பர் இருக்கிறதே, அது என்ன செய்கிறது என்று கேட்கலாம். ஷாக் தன் நீளவாக்கில் நடக்கும் அசைவை மட்டும்தான் அடக்கும். சக்கரம் முன்னும் பின்னும் ஆடுவதோ, ஆக்ஸில் முறுக்கிக்கொள்வதோ ஷாக்கின் நீளத்தைக் கிட்டத்தட்ட மாற்றுவதே இல்லை. எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஷாக்காக இருந்தாலும், தன் திசையில் நடக்காததை அது தடுக்க முடியாது.

இதற்கு அழகான சாட்சி 1967 செவர்லே கமாரோ. அதன் பின் ஆக்ஸில், பக்கத்துக்கு ஒற்றைப் பட்டையுள்ள லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருந்தது. சக்கரத்தை ஒரு திசையில் திருப்பினால் ஆக்ஸில் கூடு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அப்போது பட்டை வளைந்து நெளிந்து, வழுக்கல் வந்ததும் விடுபட்டு, குதித்தது. 1968 மாடலில் ஒரு பக்க ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னாலும் மறுபக்க ஷாக்கைப் பின்னாலும் சாய்த்து மாட்டினார்கள். அதன் பிறகு ஆக்ஸில் முறுக்கினால் ஒரு ஷாக் நீண்டாக வேண்டும், மற்றது சுருங்கியாக வேண்டும். ஷாக் அதே வகைதான், மாட்டிய கோணம்தான் வேறு. சக்தி வாய்ந்த மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள்.

இன்னொரு தீர்வைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. 2009 கேடிலாக் சிடிஎஸ்-வி காரில் இடது, வலது ஆக்ஸில் ஷாஃப்ட்களை வேண்டுமென்றே வெவ்வேறு தடிமனில் செய்தார்கள். ஷாஃப்ட்டின் முறுக்கு விறைப்பு, விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டத்தை 10 சதவீதம் கூட்டினாலே விறைப்பு 46 சதவீதம் கூடும். இரண்டு பக்கமும் வெவ்வேறு அதிர்வெண்ணில் ஆடப் பார்க்கும்போது, ஒன்று வளர்க்கும் அதிர்வை மற்றது கலைத்துவிடுகிறது. இந்த யோசனை உராய்வையும் அதிர்வையும் ஆழமாகப் படித்தவர்களுக்குத்தான் வரும்.

அந்தப் படிப்புக்குப் பணம் ஒதுக்குவதில் நாம் காட்டும் கஞ்சத்தனம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு ஒரு கணக்கைத் தந்தது. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்றது அது. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் ரப்பருக்குக் கிடைக்காது, தெரியும். ஆனால் ஓடுகிற ஒவ்வொரு வண்டியின் பிரேக்கும் திருப்பமும் நம்பியிருப்பது, தரையைத் தொடும் அந்த உள்ளங்கை அளவு ரப்பரைத்தான்.

இனி வாசகரின் கேள்விக்கு. எதையும் வாங்குவதற்கு முன் போனை எடுங்கள். மூடிய டிராக்கில், நண்பர் ஒருவர் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று விநாடிக்கு 240 படங்கள் வேகத்தில் பின்சக்கரத்தைப் படமெடுக்கட்டும். ஒரு குதிப்புக்கு ஏறக்குறைய 20 படங்கள் கிடைக்கும். சக்கரம் தன் மேலே இருக்கும் காரின் உடல் வளைவுக்குள் முன்னும் பின்னும் நகர்கிறதா, அல்லது மேலும் கீழும் மட்டும்தானா என்று தெளிவாகத் தெரியும்.

முன்பின் ஆட்டம் தெரிந்தால், காசு போக வேண்டிய இடம் புஷ். முதலில் பழையவற்றைப் பாருங்கள். ரப்பர் கிழிந்தோ எண்ணெய் பட்டு உப்பியோ இருந்தால் புதிய தொழிற்சாலை புஷ்ஷே பாதிக் குதிப்பை நிறுத்திவிடலாம். அடுத்தது சப்ஃபிரேம். புஷ்ஷின் காலி இடத்தை அடைக்கும் பாலியூரித்தேன் அல்லது அலுமினியத் துண்டுகள் கிடைக்கின்றன. சப்ஃபிரேமைக் கழற்றாமலே மாட்டக்கூடிய வகைகளும் உண்டு. செய்யும் செலவுக்கு இவ்வளவு பலன் தருவது வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து. பிறகு டிஃபரன்ஷியல் மவுண்ட், அதாவது அதைக் காரோடு பிடித்திருக்கும் தாங்கி. முன்சக்கரத்தால் ஓடும் காராக இருந்தால் முதல் சந்தேகம் எஞ்சின் மவுண்ட்டின் மேல் இருக்கட்டும். அங்கே எஞ்சின் முழுவதும் முன்னும் பின்னும் சாய்ந்து ஆடும்.

பாலியூரித்தேனை எல்லா இடத்திலும் திணிக்க வேண்டாம். ஒரே அச்சில் திரும்பும் ஆர்முக்கு அது பொருந்தும். பல திசையில் திரும்ப வேண்டிய முனையில் மாட்டினால் ஆர்ம் இறுகி, சஸ்பென்ஷன் வேலை செய்யாது. கிரீஸ் காய்ந்துவிட்டால் கீச்சென்று கத்தும். அதுவும் பிடித்து விட்டுப் பிடிக்கும் அதே விளையாட்டுதான், சிறிய அளவில்.

மேலும் கீழும் மட்டும் குதித்தால் பின் ஷாக் இரண்டையும் மாற்றுங்கள், போதும். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் இதற்கு மருந்தே அல்ல. ஆர்மின் கோணத்தை மாற்றி நிலைமையை மோசமாக்கவும் கூடும். திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரைத் தடித்ததாக மாற்றுவதும் வீண் செலவு. இரண்டு சக்கரங்களும் சேர்ந்து குதிக்கும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்வதே இல்லை.

புது ரப்பர் புஷ் மாட்டும்போது கடைசி இறுக்கத்தை, கார் சக்கரங்களின் மேல் நிற்கும் நிலையில்தான் கொடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரமே கிழியும். வேலை செய்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.