விக் மேக்கி எப்படிக் கெட்டுப்போகிறான்?

2002 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனலில் 'தி ஷீல்ட்' தொடர் ஆரம்பித்தது. களம் லாஸ் ஏஞ்சலிஸ். நாயகன் விக் மேக்கி, ரௌடிக் கும்பல்களை ஒடுக்கும் போலீஸ் சிறப்புக் குழுவின் தலைவன். முதல் எபிசோடில் ஒரு சிறுமியைக் காணவில்லை. அவள் இருக்கும் இடம் தெரிந்தவன் விசாரணை அறையில் வாயைத் திறக்க மறுக்கிறான். விக் மேக்கி உள்ளே போகிறான், தடித்த டெலிபோன் டைரக்டரியால் அவனை அடித்து நொறுக்குகிறான். சிறுமி உயிரோடு கிடைக்கிறாள். அதே எபிசோடின் முடிவில் போதைப்பொருள் வியாபாரி ஒருவனின் வீட்டில் ரெய்டு. அங்கே மேக்கி தன் குழுவிலேயே இருக்கும் டெரி க்ரௌலியை முகத்தில் சுட்டுக் கொல்கிறான். மேக்கியின் ஊழலை மேலிடத்துக்குக் காட்டிக்கொடுக்க க்ரௌலி சம்மதித்திருந்தான், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் ஏழு சீசன், 88 எபிசோடு, கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் ஏராளமானோர் அவன் தப்பித்துவிட வேண்டுமே என்று நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். எப்படி? இந்தக் கேள்விக்கு உளவியல் ஓரளவு நல்ல பதில் வைத்திருக்கிறது. (தொடரைப் பார்க்காதவர்கள் கவனிக்கவும்: முடிவு வரை சொல்லப் போகிறேன்.)

நாம் ஒரு பாத்திரத்தின் செயல்களை எடைபோட்டு, நல்லவை என்று பட்டால் அவரை விரும்புகிறோம், கெட்டவை என்றால் வெறுக்கிறோம் என்றார் ஊடக உளவியல் ஆய்வாளர் டால்ஃப் சில்மன். அவருக்குப் பின்வந்த ஆர்தர் ரேனி இந்த வரிசை பல நேரங்களில் தலைகீழாக நடக்கிறது என்று வாதிட்டார். முதலில் பிடித்துப்போகிறது. பிடித்த பிறகு அவர் செய்வதற்கெல்லாம் நியாயம் தேடுவது நம் வேலையாகிவிடுகிறது. சிறுமியைக் காப்பாற்றிய காட்சி முன்னால் வந்து கொலை பின்னால் வருவது அதனால்தான். கொலையில் எபிசோடு தொடங்கியிருந்தால் நாம் பார்த்திருப்பது வேறு தொடர்.

சரி, மேக்கிக்குள் என்ன நடக்கிறது? அவனுடைய மதிப்பீடுகள் மாறுவதே இல்லை என்பதுதான் என் பார்வையில் இந்தத் தொடரின் மிகப் பெரிய சாதனை. முதல் நாளும் கடைசி நாளும் அவனுக்கு முக்கியம் குடும்பம், குழு, தெருவில் தன் பிடி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும், அதற்காக வியாபாரிகளிடம் வசூல். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் இதை நெறி விலக்கம் என்று விளக்கினார். ஒருவர் தன் நெறிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, குறிப்பிட்ட செயலின்போது மட்டும் அவற்றை அணைத்து வைத்தால் போதும். செயலுக்கு உயர்ந்த காரணம் ஒன்றைச் சொல்லலாம், மென்மையான பெயர் சூட்டலாம், இதைவிட மோசமானவனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம், பாதிக்கப்பட்டவன் மேலேயே பழியைப் போடலாம். மேக்கி ஒவ்வொன்றையும் கைதேர்ந்தவனாகச் செய்கிறான்.

அப்புறம் பழக்கம். 2016-ல் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் டாலி ஷாரட் குழு ஒரு சோதனை நடத்தியது. கண்ணாடி ஜாடியில் எவ்வளவு சில்லறை இருக்கிறது என்று பங்கேற்பாளர்கள் இன்னொருவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். சில சுற்றுகளில் பொய் சொன்னால் லாபம். தனக்கு லாபம் கிடைத்த சுற்றுகளில் பொய் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி பொய்க்குக் காட்டிய எதிர்வினையோ குறைந்துகொண்டே போனது. எதிர்வினை எவ்வளவு இறங்கியதோ, அதை வைத்து அடுத்த பொய் எவ்வளவு பெரிதாகும் என்று கணிக்க முடிந்தது. பொய்யால் அடுத்தவருக்கு மட்டுமே லாபம் என்றிருந்த சுற்றுகளில் இந்த ஏற்றம் தென்படவில்லை. எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் என்று மேக்கி சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

காவல்துறைக்குள் இது படிப்படியாக நடப்பதை 1974-லேயே குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மன் எழுதினார். இலவசச் சாப்பாட்டில் ஆரம்பிக்கும், வாகன ஓட்டிகளிடம் கைநீட்டுவது வரும், பிறகு சூதாட்டக்காரர்கள், கடைசியில் போதைப்பொருள். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சற்றே உயரம், அதனால் நின்று யோசிக்க இடம் கிடைப்பதில்லை. உத்தரவுக்குப் பணிந்து மனிதர்கள் இன்னொருவருக்கு எவ்வளவு தூரம் மின்சார ஷாக் கொடுப்பார்கள் என்று பார்த்த உளவியலாளர் மில்கிராமின் புகழ்பெற்ற சோதனையிலும் (ஷாக் நிஜமல்ல, கொடுப்பவர்களுக்கு அது தெரியாது) அளவு 15 வோல்ட்டிலிருந்து பதினைந்து பதினைந்தாகத்தான் ஏறியது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள்.

'தி ஷீல்ட்' இந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. கதையில் நாம் பார்க்கும் மிகப் பெரிய குற்றம் முதல் எபிசோடிலேயே முடிந்துபோகிறது. அதன் பிறகு வருவது பெரும்பாலும் காவல் காக்கும் வேலை: அந்த ரகசியத்தை, அதனால் வந்த இன்னொரு ரகசியத்தை. இரண்டாம் சீசனில் ஆர்மீனிய மாஃபியாவின் பணத்தைக் குழு கொள்ளையடிக்கிறது. குற்ற உணர்வும் பயமும் தாங்காத லெம் என்ற குழு உறுப்பினன் அதில் பெரும்பகுதியைக் கொளுத்திவிடுகிறான். ஐந்தாம் சீசன் முடிவில் லெம் சிக்கிக்கொள்ள, அவன் வாய் திறந்துவிடுவானோ என்று பயந்து அதே குழுவிலுள்ள நண்பன் ஷேன் அவன் காருக்குள் கையெறி குண்டைப் போடுகிறான். கொன்றவன் யார் என்று தெரியாமல் மேக்கி வேறொருவனைச் சித்திரவதை செய்து கொல்கிறான். ஷேன் மேக்கியின் நிழல். குருவின் முறைகளைக் கற்றுக்கொண்டான், எங்கே நிறுத்துவது என்ற கணக்கு மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை.

கவனா என்ற உள்விசாரணை அதிகாரியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மேக்கியைப் பிடிக்க வரும் நேர்மையான மனிதர். சட்டப்படி முடியாமல் போனதும் பொய்யான ஆதாரத்தை வைக்கிறார், பொய் சாட்சி ஏற்பாடு செய்கிறார். நல்ல முடிவுக்காக அழுக்கு வழியில் போகலாமா என்பதே காவல் பணியின் மையச் சிக்கல் என்று காவல்துறை ஆய்வாளர் கார்ல் க்ளாக்கர்ஸ் 1980-ல் விளக்கினார். கவனா அந்தப் பள்ளத்தில் விழுகிறார். ஆனால் அவர் தானாகவே ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறார். மேக்கியிடம் எந்த நாளும் பார்க்க முடியாத ஒன்று அது. செய்த காரியத்தைப் பெயர் மாற்றாமல் சொல்லும் திறமை கவனாவிடம் மிச்சமிருந்தது.

இதெல்லாம் கற்பனை மிகைப்படுத்தல் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் ராம்பார்ட் பகுதியில் ரௌடிக் கும்பல்களை ஒடுக்க அமைத்த சிறப்புப் பிரிவில் 1990-களின் கடைசியில் வெடித்த ஊழல்தான் தொடருக்கு விதை. ஆதாரமாகப் பிடித்துவைத்த கொக்கெயினைத் திருடிய அதிகாரி ஒருவர் மாட்டியதில் ஆரம்பித்து, பொய் ஆதாரம், பொய் சாட்சியம் என்று விரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின. அந்தத் தண்டனைகளை அனுபவித்தவர்கள் நிஜ மனிதர்கள். மேக்கியை ரசிக்கும்போது நாம் இதை மறக்கக் கூடாது.

2008-ல், கடைசிக்கு முந்தைய எபிசோடில், மத்திய அரசின் குடிவரவு, சுங்கத்துறையிடம் மேக்கி குற்ற விலக்கு, அதாவது வழக்குத் தொடர மாட்டோம் என்ற உறுதி, வாங்குகிறான். நிபந்தனை, செய்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். பிறகு க்ரௌலியில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறான். எதிரே இருக்கும் அதிகாரி ஒலிவியா மரே அதிர்ந்துபோகிறார். சொல்லப்படும் சம்பவங்களில் ஒன்றுகூட நமக்குப் புதிதில்லை, எல்லாம் நாம் பார்த்தவை. ஆனாலும் அந்தக் காட்சியில் குமட்டுகிறது. நாம் அவற்றை ஏழு சீசனில், சிறு சிறு படிகளாக, இடையிடையே அவன் காப்பாற்றிய உயிர்களோடு சேர்த்து விழுங்கியிருந்தோம். ஒலிவியாவுக்கு அவை ஒரே மூச்சில், காரணங்கள் இல்லாமல் வருகின்றன. நமக்கு மரத்துப்போயிருந்தது, அவருக்கு இல்லை.